போக்கரில் எதிராளியின் வகையை எத்தனை கையில் கண்டுபிடிக்கலாம், கண்டபின் ஆட்டத்தில் எதை மாற்றுவது?

நடுமேசை

நோ-லிமிட் ஹோல்டெம், 6 பேர் மேசை, ஆளுக்கு சுமார் 100 பிக் பிளைண்ட் (சீட்டு பார்க்கும் முன் கட்டாயமாக வைக்கும் தொகை; பணத்தை அதன் மடங்கில் எண்ணுகிறோம்). டைட் (குறைந்த கைகளே ஆடுபவர்), லூஸ் (நிறையக் கைகள் ஆடுபவர்), பேசிவ் (பிறர் பந்தயத்தை ஈடுகட்டி மட்டும் வருபவர்), அக்ரெசிவ் (தானே பந்தயத்தை உயர்த்துபவர்) என்று நான்கு கட்டமாகப் பிரிப்பது தெரியும். அதை மேசையில் வைத்துப் பார்க்கும்போதுதான் சிக்கல்.

முதல் 30, 40 கைக்குள் (ஒரு முறை சீட்டு பிரித்து ஆடி முடிப்பது ஒரு கை) எதைப் பார்த்து ஒருவரை ஒரு கட்டத்தில் போடுவது? நல்ல சீட்டு தொடர்ந்து வந்த ஒருவர் லூஸ் போலவே தெரிகிறார். சீட்டே வராதவர் நிட் (மிகமிகக் குறைந்த கைகளே ஆடுபவர்) போலத் தெரிகிறார்.

அடுத்தது, வகை தெரிந்த பிறகு கிடைக்கும் அறிவுரை எல்லாம் "காலிங் ஸ்டேஷனை (எந்தப் பந்தயத்தையும் விடாமல் ஈடுகட்டி வருபவரை) பிளஃப் செய்யாதே (பலமற்ற கையோடு பந்தயம் வைத்து விரட்டப் பார்க்காதே)" என்ற ஒரு வரியோடு நின்றுவிடுகிறது. பெட் (பந்தயம்) அளவு எவ்வளவு, எந்தக் கையை விடுவது, எதை வைத்துக்கொள்வது என்று எண்ணோடு யாராவது சொன்னால் உதவும். ஆன்லைனில் ஆளுக்கு ஆள் புள்ளிவிவரம் திரையில் வருகிறது, நேரில் அது இல்லை. இரண்டுக்கும் பொருந்தும்படி சொல்ல முடியுமா?

நதிக்கரை

பெயர் வைப்பதைச் சற்றுத் தள்ளிப்போடுங்கள். ஒவ்வொருவரிடமும் தேட வேண்டியவை இரண்டுதான். ஃபோல்டு (கையை விடுவது) செய்ய வேண்டிய இடத்தில் எங்கே செய்யாமல் விடுகிறார், விடக் கூடாத இடத்தில் எங்கே விட்டுவிடுகிறார். பணம் அந்த இரண்டு இடத்திலிருந்துதான் வரும். "லூஸ்" என்ற சொல் மட்டும் இதைச் சொல்லாது. பிரீஃப்ளாப்பில் (பொதுச் சீட்டு திறக்கும் முன்) எல்லாச் சீட்டோடும் நுழைந்து ஃப்ளாப்பில் (முதல் மூன்று பொதுச் சீட்டு) ஒரே பெட்டுக்கு விட்டுவிடுபவரும் லூஸ்தான், நுழைந்து ரிவர் (ஐந்தாவது, கடைசிப் பொதுச் சீட்டு) வரை விடாமல் வருபவரும் லூஸ்தான். முதலாமவரிடம் பிளஃப் ஓடும், இரண்டாமவரிடம் அதே பிளஃப் வீண்செலவு.

குறைந்த கையில் அதிகம் சொல்லும் அடையாளங்கள், நான் நம்பும் வரிசையில்:

ஷோடவுன் (கடைசியில் சீட்டைத் திறந்து காட்டுவது) முதலில். திறந்த சீட்டைப் பார்த்தவுடன் அந்தக் கையை ரிவரிலிருந்து பின்னோக்கி நடத்துங்கள். ஒருவர் மூன்று பெட்டுக்கும் கால் (அதே தொகையை ஈடுகட்டுவது) செய்து கடைசியில் மூன்றாம் ஜோடியை (பொதுச் சீட்டில் மூன்றாவது உயரமானதோடு சேர்ந்த ஜோடி) காட்டினால் ஃப்ளாப்பிலும் டர்னிலும் (நான்காவது பொதுச் சீட்டு) என்ன நினைத்துக்கொண்டிருந்தார் என்பது வெளியே வந்துவிட்டது. ராஜா ஜோடியைப் பிரீஃப்ளாப்பில் வெறும் கால் மட்டும் செய்தவர், பின்னால் எப்போது ரெய்ஸ் (பெட்டை உயர்த்துவது) செய்தாலும் அது இன்னும் பெரிய கை. ஒரு ஷோடவுன் 20 ஃபோல்டுக்குச் சமம். நீங்கள் ஆடாத கையிலும் கண்ணை எடுக்காதீர்கள். உங்கள் பணம் உள்ளே இல்லாதபோதுதான் கவனம் தெளிவாக இருக்கும்.

இரண்டாவது, பாட்டுக்குள் (பாட் என்பது மேசை நடுவே சேரும் பணம்) நுழையும் விதம். யாரும் ரெய்ஸ் செய்யாத நிலையில் முதல் ஆளாக லிம்ப் (பிக் பிளைண்ட் தொகையை மட்டும் போட்டு நுழைவது) செய்பவர், 6 பேர் மேசையில், பெரும்பாலும் பேசிவ் ஆட்டக்காரர். அதே ஆள் லிம்ப் செய்துவிட்டு, வந்த ரெய்ஸுக்கு உடனே கால் செய்தால் அவர் பார்ப்பது சீட்டை, விலையை அல்ல. லிம்ப் செய்தவர் மறுபடி ரெய்ஸ் செய்தால் மட்டும் கவனம்: இந்த வகையினரிடம் அது பெரும்பாலும் ஏஸ் ஜோடி அல்லது ராஜா ஜோடி.

மூன்றாவது, பெட் அளவு மாறுகிறதா. எப்போதும் பாட்டில் பாதி போடுபவர் திடீரென்று முழு பாட் போட்டால், அந்த மாற்றம் எந்தக் கையோடு வந்தது என்பதை ஷோடவுனில் பிடித்துவையுங்கள். சிலர் பலமான கைக்குப் பெரிதாகப் போடுவார்கள், சிலர் பயந்த கைக்குப் பெரிதாகப் போட்டு எதிராளியை விரட்டுவார்கள். இது ஆளுக்கு ஆள் மாறும், பொது விதி கிடையாது. ஆனால் ஒரே ஆளிடம் இது எளிதில் மாறாது.

நான்காவது சின்ன விஷயம், ஸ்டாக் (ஒருவர் முன்னால் உள்ள பணம், பிளைண்ட் கணக்கில்). 100-இலிருந்து 63-க்கு இறங்கியும் நிரப்பாமல் ஆடுபவர் பெரும்பாலும் பொழுதுபோக்குக்கு வந்தவர். 96 ஆனவுடன் 100-க்கு நிரப்புபவர் ரெகுலர் (வழக்கமாக, ஒழுங்காக ஆடுபவர்). சீட்டைப் பார்ப்பதற்கு முன்பே கிடைக்கும் தகவல் இது.

குறிப்பு எழுதும்போது "மோசமான ஆட்டக்காரர்" என்று எழுதாதீர்கள், அது அடுத்த முறை எதற்கும் உதவாது. "முதல் இருக்கையில் 9-7 வேறு சின்னம், லிம்ப்-கால். மூன்று தெருவிலும் (ஃப்ளாப், டர்ன், ரிவர்) கால், மூன்றாம் ஜோடி, பெட் பாட்டில் முக்கால்" என்று எழுதுங்கள். அடுத்த முறை ரிவரில் இரண்டாம் ஜோடியோடு உட்கார்ந்து யோசிக்கும்போது இந்த வரி வேலை செய்யும்.

நிகழ்தகவு

ஆன்லைன் எண்களைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

விபிஐபி என்பது ஒருவர் விரும்பிப் பணம் போட்டு நுழைந்த கைகளின் சதவீதம். பிஎஃப்ஆர் என்பது பிரீஃப்ளாப்பில் ரெய்ஸ் செய்த சதவீதம். இரண்டையும் தனித்தனியாகப் பார்ப்பதைவிட இடைவெளியைப் பாருங்கள். 6 பேர் மேசையில் 23/19 (விபிஐபி/பிஎஃப்ஆர்) என்றால் ஒழுங்கான ரெகுலர். 13/11 நிட். 30/25 லேக் (லூஸ்-அக்ரெசிவ்). 45/7 காலிங் ஸ்டேஷன், ஏனென்றால் நுழையும் கைகளில் ஆறில் ஒன்றில்கூட ரெய்ஸ் இல்லை. 60/40 மேனியாக் (கண்மூடித்தனமாக ரெய்ஸ் செய்பவர்). 9 பேர் மேசையில் இந்த எண்கள் எல்லாமே கீழே இறங்கும், அங்கே 15/12 ஆடுபவர் நிட் அல்ல, சாதாரண ரெகுலர்.

இப்போது நடுமேசை கேட்ட 30 கைக்கு வருவோம். ஒருவர் 30 கையில் 9 முறை நுழைந்தால் விபிஐபி 30. ஆனால் 30 கை என்ற அளவில் திட்ட விலகல் (தற்செயலால் வரும் ஏற்ற இறக்கம்) சுமார் 8.4 புள்ளி. அதன் இரண்டு மடங்கை இருபுறமும் விட்டால் உண்மையான எண் 13-இலிருந்து 47 வரை எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம், அதற்குள் நிட்டும் அடக்கம், ஸ்டேஷனும் அடக்கம். 100 கையில் அதே 30 என்றால் 21-இலிருந்து 39. அப்போதுதான் ஏதோ சொல்ல முடியும். 30 கையில் 20 முறை நுழைந்தவரைப் பற்றி மட்டும் தயங்க வேண்டாம், அந்த எண் தற்செயலாக வருவது மிக அரிது. ஓரத்தில் இருப்பவர்கள் சீக்கிரம் தெரிவார்கள், நடுவில் இருப்பவர்களுக்குத்தான் கை வேண்டும்.

த்ரீ-பெட் (பிரீஃப்ளாப்பில் ஒருவர் ரெய்ஸுக்கு மேல் மறு ரெய்ஸ்) சதவீதம் இன்னும் மெதுவாகத்தான் நிலைக்கு வரும், ஏனென்றால் ஒவ்வொரு கையிலும் அதற்கு வாய்ப்பு வருவதில்லை. 100 வாய்ப்பில் 7 என்றால் 2-இலிருந்து 12 வரை நீளும். அதை வைத்து ஃபோர்-பெட் (த்ரீ-பெட்டுக்கு மேல் இன்னொரு ரெய்ஸ்) பிளஃப் செய்வது குருட்டாட்டம். ரிவர் ஃபோல்டு சதவீதம் போன்றவற்றைச் சில ஆயிரம் கை வரும்வரை தொடாதீர்கள்.

பலரும் ஏமாறும் எண் ஒன்று உண்டு, அக்ரெஷன் ஃபேக்டர். பெட், ரெய்ஸ் எண்ணிக்கையைக் கூட்டி, கால் எண்ணிக்கையால் வகுப்பது. இதில் ஃபோல்டு கணக்கிலேயே வராது. ஒரு நிட் சுமாரான கையை எல்லாம் விட்டுவிட்டு, பெரிய கையில் மட்டும் பெட் செய்தால் அவருடைய ஃபேக்டர் 4 என்று காட்டும். உடனே "இவர் அக்ரெசிவ், பிளஃப் செய்கிறார்" என்று ரிவரில் கால் செய்பவர்கள் அதிகம். அந்த 4 பிளஃபால் வந்த 4 அல்ல. பக்கத்தில் ஷோடவுன் வரை செல்லும் சதவீதத்தையும் வைத்துப் படியுங்கள். ஃப்ளாப் பார்த்த கைகளில் 25-28 சதவீதம் ஷோடவுன் செல்வது இயல்பு. 33-ஐத் தாண்டினால் விட மனமில்லாதவர். 21-22 என்றால் வழியிலேயே நிறைய விடுபவர்.

பொத்தான் இருக்கை

எண்ணோட கேட்டீங்க இல்லையா, ஸ்டேஷனும் நிட்டும் ரெண்டையும் நான் சொல்றேன். சின்ன மேசையில கூடுதலா கண்ல படுறது இவங்கதான்.

ஸ்டேஷன்கிட்ட முதல் மாற்றம் பிரீஃப்ளாப்ல. அவர் லிம்ப் பண்ணா உங்க ரெய்ஸ் வழக்கமான 3 பிளைண்ட், கூட ஒரு லிம்பருக்கு ஒண்ணுன்னு 4 இல்ல, 5 அல்லது 6 போடுங்க. 4-க்கு வர்றவர் 6-க்கும் வருவார். பொசிஷன்ல (அவருக்கு அப்புறம் ஆடுற இடத்துல) நீங்க இருக்கீங்க, கை உங்களுடையது நல்லா இருக்கு, அப்போ பாட் பெருசா இருக்கறது உங்களுக்குத்தான் லாபம். ஏஸ்-10, ராஜா-ராணி, ராஜா-ஜாக்கி மாதிரி டாப் ஜோடி (பொதுச் சீட்டுல பெரியதோட சேர்ந்த ஜோடி) அடிச்சா நல்ல கிக்கரோட (கையில ஜோடி சேராத இன்னொரு சீட்டு) நிக்கிற கைங்க இங்க மதிப்பு ஏறும். 6-5, 7-6 ஒரே சின்னம் மாதிரி பிளஃபோட சேர்த்து ஆட வேண்டிய கைங்க மதிப்பு இறங்கும், ஏன்னா அதுல பாதி லாபம் எதிராளி ஃபோல்டு பண்றதுல இருந்து வரணும். இவர் பண்ண மாட்டார்.

ரெண்டாவது மாற்றம் ரிவர்ல. டாப் ஜோடிய வச்சிக்கிட்டு "செக் (பெட் போடாம விடறது) பண்ணி ஷோடவுன் பாத்துக்கலாம்"னு விடுறதுதான் இவங்ககிட்ட பெரிய நஷ்டம். அவர் செக் பண்ணி, நீங்க கடைசியா ஆடுறீங்கன்னா கணக்கு சுலபம்: கால் வர்ற கைகள்ல பாதிக்கு மேல உங்களை விட மட்டமா இருந்தா பெட் பண்ணணும். உதாரணத்துக்கு பாட் 24 பிளைண்ட்னு வைங்க. 10 போட்டா 100-ல 60 தடவை கால் வருது, அதுல 42 மட்டமான கை, 18 மேலான கை. லாபம் 24 தடவை பத்து, 240 பிளைண்ட். 18 போட்டா கால் 54 ஆகுது, மட்டமானது 36, மேலானது அதே 18. லாபம் 18 தடவை பதினெட்டு, 324. கால் குறைஞ்சும் லாபம் கூடுது. விலையைப் பாக்காம வாங்குறவர்கிட்ட விலையைக் கூட்டணும், அவ்வளவுதான் தத்துவம்.

ஸ்டேஷன் திடீர்னு டர்ன்லயோ ரிவர்லயோ ரெய்ஸ் பண்ணா டாப் ஜோடிய கீழ வைங்க. ரெண்டு மடங்கு மட்டும் போடற சின்ன ரெய்ஸா இருந்தாலும் சரி. எப்பவும் கால் மட்டும் பண்றவர் வழக்கத்தை மாத்துறார்னா ரெண்டு ஜோடி, செட் (கையில இருக்கற ஜோடியோட அதே மதிப்புல மூணாவது சீட்டு), அதுக்கு மேலதான். சின்ன ரெய்ஸ்தானேன்னு கால் பண்ணி பண்ணியே சம்பாதிச்சதைத் திருப்பிக் குடுக்குறாங்க.

நிட் நேர் எதிர். அவர்கிட்ட பெரிய பாட் ஜெயிக்க முடியாது, சின்ன பாட்டை நிறைய ஜெயிக்கலாம். பிளைண்ட்ல நிட் உக்காந்திருந்தா பட்டன்ல (ஃப்ளாப்ல இருந்து கடைசியா ஆடுற இருக்கை) 2.2 பிளைண்ட் ரெய்ஸ் போதும். 1.5 (ஸ்மால் பிளைண்ட் 0.5, பிக் பிளைண்ட் 1) ஜெயிக்க 2.2 வைக்கறீங்க, ரெண்டு பேரும் சேர்ந்து 59.5 சதவீதம் விட்டா அந்த இடத்துலயே நஷ்டம் இல்ல. ஸ்மால் பிளைண்ட் 85, பிக் பிளைண்ட் 75 சதவீதம் விடுறாங்கன்னா ரெண்டையும் பெருக்கினா 63.75. கையில என்ன சீட்டுன்னு பாக்காமலே லாபம். பாட்டில் மூணுல ஒரு பங்கு சி-பெட்டுக்கு (முன்னால ரெய்ஸ் பண்ணவரே ஃப்ளாப்லயும் போடற பெட்) 25 சதவீதம் ஃபோல்டு போதும், நிட் அதை விட ரொம்ப அதிகமா விடுவார். ஃப்ளாப்ல கால் பண்ணிட்டாரா, அங்க நிறுத்துங்க. விதிவிலக்கு ஒண்ணுதான்: ஃப்ளாப் 9-6-3 மாதிரி கீழ இருந்து, டர்ன்ல ஏஸோ ராஜாவோ வந்தா ரெண்டாவது பெட் போடலாம். 10 ஜோடி, ஜாக்கி ஜோடியோட கால் பண்ணின நிட் அங்க விடுவார்.

நிட் த்ரீ-பெட் பண்ணா? ராணி ஜோடியும் அதுக்கு மேலும், ஏஸ்-ராஜா. ஜோடிகள் 18 சேர்க்கை, ஏஸ்-ராஜா 16, மொத்தம் 34. எல்லாக் கைகளும் 1326. அதாவது 2.6 சதவீதம். இந்த 34-க்கு எதிரா ஜாக்கி ஜோடி சுமார் 36 சதவீதம்தான் ஜெயிக்கும். ஏஸ்-ராணி இன்னும் மோசம், வெளிய போட்டுடுங்க. சின்ன ஜோடியோட செட் தேடிப் போகலாம், ஆனா கணக்கோட: செட் அடிக்கறது 8.5 தடவைக்கு ஒண்ணு, அடிச்ச ஒவ்வொரு தடவையும் முழு ஸ்டாக் வராது, அதனால கால் தொகையைப் போல 15 மடங்கு அவர்கிட்ட பின்னால இருக்கணும். 6 பிளைண்ட் கால், பின்னால 90, சரி. 9 கால், பின்னால 80, வேண்டாம்.

நடுமேசை

மூவருக்கும் நன்றி, அக்ரெஷன் ஃபேக்டர் பற்றிய விளக்கம் பல குழப்பத்தைத் தீர்த்தது. ஒரு துணைக் கேள்வி. மேனியாக்கையும் நல்ல லேக்கையும் பிரிப்பது எப்படி? வெளியிலிருந்து இருவரும் ஒரே மாதிரி தெரிகிறார்கள், ரெய்ஸ், ரெய்ஸ், ரெய்ஸ். தவறாகப் பிரித்தால் இழப்பு பெரிது.

மூன்றாம் தெரு

இருக்கையைப் பாருங்கள். லேக் முதல் இருக்கையில் 18-20 சதவீதக் கைகளோடு திறப்பார் (முதல் ரெய்ஸ் செய்வார்), பட்டனில் 45-50 வரை விரிப்பார். மேனியாக்குக்கு எந்த இருக்கையும் ஒன்றுதான், முதல் இருக்கையிலிருந்து 9-5-ஐக் காட்டுவார். நேரில் ஆடும்போது இதை இரண்டு சுற்றில் கண்டுபிடிக்கலாம்: ஒவ்வொரு ரெய்ஸும் எங்கிருந்து வந்தது என்று மட்டும் மனதில் எண்ணிக்கொள்ளுங்கள்.

அடுத்த வேறுபாடு, நிறுத்தத் தெரிகிறதா. லேக் ஃப்ளாப்பில் பெட், டர்னில் பெட், இரண்டுக்கும் கால் வந்தால் ரிவரில் பாதிக் கைகளைக் கைவிடுவார். எந்தச் சீட்டு அவருடைய கதைக்குப் பொருந்துகிறதோ அந்தச் சீட்டில்தான் தொடர்வார். மேனியாக் ரிவரில் எந்தச் சீட்டு வந்தாலும் போடுவார்.

மேனியாக்கிடம் செய்ய வேண்டியது பெரும்பாலும் கால். பாட் 7 பிளைண்ட், அவர் ஒவ்வொரு தெருவிலும் முக்கால் பாட் போடுகிறார் என்றால் 5, 13, 32, மொத்தம் 50. இந்த 50-ஐ ஒரு ஜோடியோடு போட மனம் ஒப்பவில்லை என்றால் ஃப்ளாப்பிலேயே விட்டுவிடுங்கள். ஃப்ளாப்பிலும் டர்னிலும் கால் செய்து 18 பிளைண்ட் போட்டுவிட்டு, ரிவரில் பயந்து விடுவதுதான் மேனியாக்குக்கு வருமானம். ரிவரில் 32 போட்டு 75 ஜெயிக்கக் கேட்கிறார்கள், 30 சதவீதம் ஜெயித்தால் போதும்.

எந்த ஜோடியோடு கால் செய்வது என்பதிலும் வித்தியாசம் உண்டு. போர்டில் (பொதுச் சீட்டுகளில்) இரண்டு ஸ்பேட் இருந்து ஃப்ளஷ் (ஒரே சின்னத்தில் ஐந்து சீட்டு) வராமல் போன ரிவரில், உங்கள் கையில் ஸ்பேட் இல்லாத ஜோடி நல்ல கால். ஸ்பேட் உங்களிடம் இருந்தால் அவருடைய தவறிய ஃப்ளஷ் டிராக்களில் (டிரா என்பது இன்னும் ஒரு சீட்டுக்குக் காத்திருக்கும் கை) சிலவற்றை நீங்களே பிடித்து வைத்திருக்கிறீர்கள், அதாவது அவருடைய பிளஃப் எண்ணிக்கை குறைகிறது. ஜோடியின் உயரத்தைவிட இது சில நேரம் முக்கியம்.

பலமான கை வந்தால் ரெய்ஸா, காலா? இங்கே மேனியாக்கை இரண்டாகப் பிரிக்க வேண்டும். ரெய்ஸ் வந்தால் பிளஃபை விட்டு ஓடுபவர் ஒருவர், ரெய்ஸுக்கும் எதையாவது வைத்துக் கால் அல்லது மறு ரெய்ஸ் செய்பவர் இன்னொருவர். முதலாமவரிடம் செட்டோடும் கால் மட்டும் செய்து அவரையே பணம் போட விடுங்கள். இரண்டாமவரிடம் உடனே ரெய்ஸ், காத்திருப்பதில் பயன் இல்லை. டிரா நிறைந்த போர்டில் இருவரிடமும் டர்னுக்கு மேல் காத்திருக்க வேண்டாம்.

பிரீஃப்ளாப்பில் அவருடைய திறப்புக்கு 9 ஜோடி முதல் மேலே, ஏஸ்-ஜாக்கி, ராஜா-ராணி வரை த்ரீ-பெட் செய்து மற்றவர்களை வெளியே தள்ளுங்கள். அவர் 3 போட்டால் 10, நீங்கள் பொசிஷனில் இல்லை என்றால் 12. நோக்கம் அவரோடு தனியாக ஆடுவது.

லேக்கிடம் இதில் பாதி எடுபடாது. அவர் நீங்கள் விடுவதையும் கவனிக்கிறார். பொசிஷன் இல்லாமல் ராஜா-ஜாக்கி வேறு சின்னத்தோடு அவருக்குக் கால் செய்வதைக் குறைப்பதுதான் முதல் சேமிப்பு. அவர் அடிக்கடி த்ரீ-பெட் செய்தால் ஏஸ்-5, ஏஸ்-4 ஒரே சின்னத்தோடு அவ்வப்போது ஃபோர்-பெட் செய்யலாம். உங்கள் கையில் ஓர் ஏஸ் இருக்கும்போது அவரிடம் ஏஸ் ஜோடி இருக்கும் சேர்க்கை 6-இலிருந்து 3 ஆகிறது, ஏஸ்-ராஜா 16-இலிருந்து 12 ஆகிறது. மேனியாக்கிடம் இந்த ஃபோர்-பெட்டைச் செய்யாதீர்கள், அவர் விடமாட்டார்.

ஒன்றை மறக்க வேண்டாம். மேனியாக்கோடு 100 பிளைண்ட் உள்ளே போகும்போது நீங்கள் பெரும்பாலும் 60-65 சதவீதம்தான் முன்னிலையில் இருப்பீர்கள். மூன்றில் ஒரு முறைக்கு மேல் தோற்பது சரியான ஆட்டத்தின் ஒரு பகுதி. ஒரு தோல்விக்குப் பிறகு "இவரிடம் இனி நல்ல கை வந்தால்தான்" என்று சுருங்கிவிட்டால், அதுவரை கொடுத்த விலை வீண்.

கடைசி சீட்டு

நேரில் ஆடுபவர்களுக்கு இரண்டு சேர்க்கை.

இருக்கை தேர்ந்தெடுக்க வாய்ப்பிருந்தால் மேனியாக்கும் லேக்கும் உங்கள் வலப்பக்கம், நிட் இடப்பக்கம். ஆட்டம் இடப்பக்கமாகச் சுற்றுவதால், வலப்பக்கத்தவர் உங்களுக்கு முன் முடிவெடுப்பார். அவர் ரெய்ஸ் செய்ததைப் பார்த்துவிட்டு முடிவெடுப்பதற்கும், நீங்கள் கால் செய்த பிறகு அவர் ரெய்ஸ் செய்வதற்கும் உள்ள வேறுபாடு பெரியது. இடப்பக்கம் நிட் இருந்தால் உங்கள் ரெய்ஸ்களை விட்டுக்கொடுப்பார்.

பலபேர் பாட்டில் பிளஃபைக் குறையுங்கள். ஒருவர் 60 சதவீதம் விடுபவர் என்றால் முழு பாட் பிளஃபுக்கு 50 போதும், லாபம். அதே போல இரண்டு பேர் என்றால் இருவரும் விடுவது 36 சதவீதம், மூன்று பேர் என்றால் 21.6. மூன்று நிட்டுக்கு எதிராகவும் இந்தக் கணக்கு உடையும்.

நேர அடையாளம் பற்றி யாரும் சொல்லவில்லை. ஃப்ளாப்பில் யோசிக்காமல் சட்டென்று வரும் கால் பெரும்பாலும் டிரா அல்லது நடுத்தர ஜோடி. பலமான கை இருந்தால் ரெய்ஸ் செய்யலாமா என்று ஒரு கணமாவது யோசித்திருப்பார்.

நிகழ்தகவு

நேர அடையாளத்தைப் பொழுதுபோக்கு ஆட்டக்காரர்களோடு நிறுத்திக்கொள்வது நல்லது. ஆன்லைனில் நான்கு மேசை ஆடும் ரெகுலர் தாமதிப்பது பக்கத்து மேசையில் முடிவு இருப்பதால்கூட இருக்கலாம். நேரில் அனுபவசாலிகள் எல்லா முடிவுக்கும் ஒரே நேரம் எடுக்கப் பழகியிருப்பார்கள்.

டோர்னமென்ட் ஆடுபவர்கள் கவனிக்க: 15 பிளைண்டுக்குக் கீழே ஸ்டாக் இறங்கியவருக்கு இங்கே சொன்ன எந்த வகையும் பொருந்தாது. அங்கே முடிவு ஆல்-இன் (முழு ஸ்டாக்கையும் வைப்பது) அல்லது ஃபோல்டு, நிட்கூட ஏஸ்-4-ஐ உள்ளே தள்ளுவார். 100 பிளைண்டில் எழுதிய குறிப்பை அங்கே எடுத்துப் போகாதீர்கள். அதே போல, பெரிய பாட் தோற்ற அடுத்த 20, 30 நிமிடம் ஒரு ரெகுலர் வேறு ஆளாக ஆடலாம். குறிப்பில் "தோற்ற உடனே" என்று சேர்த்து எழுதுங்கள். இல்லையென்றால் அவருடைய கோபத்தை அவருடைய வழக்கமாக நினைத்து, மறுநாள் தவறான கால் செய்வீர்கள்.

நடுமேசை

சொன்னதை ஒரு கையில் பொருத்திச் சரியா என்று பார்க்க விரும்புகிறேன். பட்டனில் ஸ்பேட் ஏஸ், ஹார்ட் ராஜா. 2.5 ரெய்ஸ், பிக் பிளைண்ட் கால். அவர் 300 கையில் 24/5, ஷோடவுன் வரை 31 சதவீதம். ஃப்ளாப் டைமண்ட் ராஜா, கிளாவர் 9, ஸ்பேட் 4. செக், 3.5 பெட், கால். டர்ன் ஹார்ட் 7. செக், 9 பெட், கால். ரிவர் கிளாவர் 2. செக், 20 பெட், அவர் 60-க்கு ரெய்ஸ். கால் செய்வதா?

நதிக்கரை

முதலில் விலை. ரிவருக்கு முன் பாட் 30.5. உங்கள் 20, அவருடைய 60 சேர்ந்து 110.5. நீங்கள் மேலும் 40 போட வேண்டும், ஆக 150.5-இல் 40, அதாவது 26.6 சதவீதம் ஜெயிக்க வேண்டும்.

இப்போது சேர்க்கைகள். 9 ஜோடி 3, 7 ஜோடி 3, 4 ஜோடி 3. ராஜாக்களில் இரண்டு தெரிந்துவிட்டதால் ஒரே சின்ன ராஜா-9 ஒன்றுதான் பாக்கி, ராஜா-7 இரண்டு. மொத்தம் 12. இவை எல்லாம் உங்களை வெல்பவை. 26.6 கிடைக்க வேண்டுமானால், நீங்கள் வெல்லும் கைகளில் குறைந்தது 5 சேர்க்கையை அவர் இப்படி ரெய்ஸ் செய்திருக்க வேண்டும். ஸ்ட்ரெய்ட்டும் (தொடர்ச்சியான ஐந்து சீட்டு) ஃப்ளஷும் இந்த போர்டில் யாருக்கும் இல்லை. ராஜா-ராணியை இப்படி ரெய்ஸ் செய்பவர் 24/5 ஆட மாட்டார். தவறிய 10-8, 8-6 போன்றவற்றை ரிவரில் பிளஃபாக மாற்றுவது பேசிவ் ஆட்டக்காரர் கிட்டத்தட்டச் செய்யாத ஒன்று. அந்த 5 இவரிடம் இல்லை. ஃபோல்டு.

இதே ரெய்ஸ் 60/40 மேனியாக்கிடமிருந்து வந்தால் விடை தலைகீழ். 10-8 மட்டும் 16 சேர்க்கை, 8-6 இன்னொரு 16. அவற்றில் மூன்றில் ஒரு பங்கு இந்த வழியில் வந்து பிளஃப் ஆனாலும் தேவையான 5-ஐப் போல இரண்டு மடங்குக்கு மேல். கால்.

ரெய்ஸ் வந்துவிட்டதே என்று, அதற்கு முன் போட்ட 20 பெட்டைத் தவறாக நினைக்க வேண்டாம். ராஜா-ராணி, ராஜா-ஜாக்கி, ராஜா-10 சேர்ந்து 24 சேர்க்கை, ஒவ்வொன்றும் 8. ஷோடவுன் 31 சதவீதம் செல்பவர் அவற்றில் தன்னிடம் உள்ள எதையும் விடமாட்டார். உண்மையில் 20 குறைவு, 24 அல்லது 25 போட்டிருக்கலாம். குறிப்பில் "ரிவர் செக்-ரெய்ஸ், சீட்டு பார்க்கவில்லை" என்று எழுதி, தேதி போட்டு வையுங்கள். 300 கையில் இது முதல் முறையா, மூன்றாவது முறையா என்பதை அடுத்து எண்ணத் தொடங்குங்கள்.